குரூப் இல்லாத ஊரிலிருந்து

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
பிப்ரவரி, ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். போனில் கேட்டால் "எல்லாம் சரியாகிவிட்டது" என்கிற ஒரே பதில்தான் அவளிடமிருந்து வருகிறது.

பெரியவள் எந்தக் குரூப் எடுக்கப் போகிறாள் என்று போன வாரம் கேட்டீர்கள். அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது என்பதால்தான் எழுதுகிறேன் என்றேன். இங்கே குரூப்பே கிடையாது அப்பா. கணிதம்-உயிரியல் என்று ஒரு பக்கம், வணிகவியல் என்று ஒரு பக்கம் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைப்பதில்லை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மாநிலமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் பொதுத் தேர்வு இல்லை. 200-க்கு எத்தனை என்று கேட்கும் கட்-ஆஃப் இல்லை. கேட்பதற்குச் சுகமாக இருக்கும். புதிதாக வரும் நம் ஊர்ப் பெற்றோர் எல்லாருமே "ஆஹா, பிள்ளைகளுக்கு என்ன நிம்மதி" என்றுதான் தொடங்குகிறார்கள். ஓரிரு ஆண்டு கழித்து அவர்களே "அந்த ஒரு தேர்வே தேவலை" என்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை, நான்கு ஆண்டும் சேர்ந்ததுதான் இங்கே உயர்நிலைப் பள்ளி. பிப்ரவரி, மார்ச் வாக்கில் அடுத்த ஆண்டு என்ன படிப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளி தரும் பாடப் பட்டியல் ஒரு சின்னப் புத்தகம். மண்பாண்டம் வனைவது முதல் உளவியல் வரை எல்லாம் அதில் இருக்கும். பிள்ளை தன் நண்பர்கள் எதை எடுக்கிறார்களோ அதை எடுத்துக்கொண்டு வரும். அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். பள்ளியிலிருந்து வந்த தாள் என்றால் படிக்காமலே கையெழுத்துப் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டல்லவா? வாத்தியார்கள் மீது நாம் வைத்த அந்த மரியாதைதான் இங்கே பலருக்கு வினையாக முடிகிறது.

உங்களுக்குப் பிடித்த விஷயத்திலிருந்து சொல்கிறேன். நீங்கள் இயற்கணிதத்தையும் வடிவியலையும் ஒரே ஆண்டில், ஒரே புத்தகத்தில் நடத்தினீர்கள். இங்கே பெரும்பாலான பள்ளிகளில் ஓர் ஆண்டு முழுக்க இயற்கணிதம். அடுத்த ஆண்டு முழுக்க வடிவியல். அதற்கடுத்த ஆண்டு திரும்பவும் இயற்கணிதம், இரண்டாம் பாகம். அதன் பிறகு நுண்கணிதத்துக்கு முந்தைய பாடம் ஒன்று. கடைசியாகத்தான் நுண்கணிதம். ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டாம் வகுப்பிலேயே முதல் இயற்கணிதத்தை முடித்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதம் படிக்கும். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிய பிள்ளை, கோடை விடுமுறையில் ஒரு பாடத்தை முடித்தாலொழிய, நுண்கணிதத்தைத் தொடாமலே பள்ளியை விட்டு வெளியே வரும். பொறியியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு அது பெரிய இடைஞ்சல். இந்த வழி எங்கே பிரிகிறது தெரியுமா? பல ஊர்களில் ஆறாம், ஏழாம் வகுப்பிலேயே. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எதிர்காலம் ஒரு சின்னப் படிவத்தில் தீர்மானமாகிறது. அதைத் தீர்மானம் என்று யாரும் சொல்வதும் இல்லை.

இரண்டாவது பள்ளம் இன்னும் ஆழம். பள்ளிப் படிப்பை முடிப்பதற்கான விதி வேறு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கத் தேவையான விதி வேறு. மாநிலச் சட்டம் பள்ளி முடிக்கக் கேட்பது கணிதத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு, ஆங்கிலத்தில் மூன்று ஆண்டு. பல்கலைக்கழகம் கேட்பதோ கணிதம் மூன்று, ஆங்கிலம் நான்கு. அதோடு அறிவியல் இரண்டு, வரலாறு இரண்டு, ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி இரண்டு, கலை ஒன்று, விருப்பப் பாடம் ஒன்று. மொத்தம் 15. அதில் 11 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். இதை 'ஏ-ஜி' பட்டியல் என்கிறார்கள். 'டி' மதிப்பெண் வாங்கினால் பள்ளி தேர்ச்சி போட்டுவிடும். பல்கலைக்கழகம் அந்தப் பாடத்தைப் படிக்காததாகவே எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரு பிள்ளை கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு பட்டமளிப்பு மேடையில் ஏறி, குடும்பமே கைதட்டி, படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிய பிறகும், அந்தப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களான பெர்க்லிக்கோ டேவிஸுக்கோ விண்ணப்பிக்கவே தகுதி இல்லாமல் இருக்கலாம். அந்த நிலைக்கு மிக அருகே போய்விட்ட ஒரு குடும்பத்தை நான் நேரில் பார்த்தேன். பையன் ஓவியப் பாடத்தைத் தவிர்த்துவிட்டு இரண்டு கணினிப் பாடம் எடுத்திருந்தான். "ஓவியம் எதற்கு, எங்கள் வீட்டில் யாரும் வரைவதில்லையே" என்றார் அவன் அப்பா. அதைக் கடைசி ஆண்டில் சேர்த்துக்கொள்ள இடம் இருந்தது. இல்லாவிட்டால் தொலைந்திருந்தான்.

பள்ளியில் ஆலோசகர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்களுக்கு மேல் கூடாது என்று அவர்களுடைய சங்கமே பரிந்துரைத்திருக்கிறது. இந்த மாநிலத்தில் பல பள்ளிகள் அந்த எண்ணைத் தாண்டி வெகு தூரம் போய்விட்டன. நல்ல மனிதர்கள்தான், ஆனால் ஒரு பிள்ளைக்குக் கால் மணி நேரம் ஒதுக்குவதற்கே திண்டாடுகிறார்கள். கேட்கிற பெற்றோருக்குப் பதில் கிடைக்கிறது. கேட்கத் தெரியாதவருக்கு ஒரு மின்னஞ்சலும் ஓர் இணைப்பும் வந்து சேர்கின்றன.

அதனால்தான் சனிக்கிழமை காலைகளில் இங்குள்ள பொது நூலகத்தில் ஒரு மேஜையைப் பிடித்து உட்கார ஆரம்பித்தேன். உங்கள் மாப்பிள்ளை "உன் அப்பாவின் திண்ணை இங்கேயும் வந்துவிட்டது" என்கிறார். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன, தெலுங்குக் குடும்பங்கள் வருகின்றன, போன மாதம் மெக்சிகோவைச் சேர்ந்த ஓர் அம்மா தன் மகளையே மொழிபெயர்ப்பாளராக அழைத்துக்கொண்டு வந்தார். நான் செய்வது பெரிய வேலையே இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் நான்கு கட்டம் போடுகிறேன், ஆண்டுக்கு ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து பின்னோக்கி நிரப்பச் சொல்கிறேன். பிள்ளை கடைசியில் எங்கே நிற்க வேண்டுமோ அதை முதலில் எழுதினால், அதற்கு முந்தைய பாடங்கள் தாமாகவே தங்கள் இடத்தில் வந்து உட்காரும். பென்சிலால்தான் எழுத வேண்டும் என்பது மட்டும் என் கண்டிப்பு. பதினான்கு வயதில் டாக்டராகப் போகிறேன் என்ற பிள்ளை பதினாறு வயதில் கட்டடக் கலை என்று சொல்லும்.

நம்மவர்களிடம் எனக்குக் கோபம் வருவது ஓர் இடத்தில்தான். 'ஏபி' என்று கல்லூரி அளவிலான பாடங்களை இங்கே பள்ளியிலேயே படிக்கலாம். மே மாதத்தில் தேர்வு நடக்கும், 5-க்கு மதிப்பெண். 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அதற்குப் படிப்புக் கணக்கில் புள்ளி தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நம் விருந்துகளில் "உங்கள் பையன் எத்தனை ஏபி?" என்பதுதான் இப்போது நலம் விசாரிப்பு. எட்டு என்றால் பத்து என்பார் ஒருவர். பத்து என்றால் மூலையிலிருந்து பன்னிரண்டு என்று ஒரு குரல் வரும். இந்தப் பல்கலைக்கழகம் தகுதிக்காகச் சராசரி போடும்போது பத்தாம், பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களைத்தான் எடுக்கிறது. ஏபி போன்ற கடினப் பாடங்களுக்குத் தரும் கூடுதல் புள்ளியும் எட்டு அரையாண்டுப் பாடங்களோடு நின்றுவிடுகிறது. கடினமான பாடத்தைப் பிள்ளை துணிந்து எடுத்ததா என்றும் பார்க்கிறார்கள், மறுக்கவில்லை. அதற்காக இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, பள்ளியில் மதியம் தூங்கி விழும் பிள்ளையை உருவாக்குவது என்ன கெட்டிக்காரத்தனம்? பிள்ளைக்குப் பிடித்த துறையில் நான்கைந்து எடுத்து அவற்றை ஒழுங்காகப் படித்தால் போதும் என்று சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள். வீட்டுக்குப் போய் ஆறாவதைச் சேர்க்கிறார்கள். ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு பயமுறுத்தும் ஆலோசனை நிறுவனங்களும் பெருகிவிட்டன. அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கிறது.

நுழைவுத் தேர்வு விவகாரமும் குழப்பம்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எந்த வளாகமும் 'சாட்' மதிப்பெண்ணைச் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை, கொடுத்தாலும் பார்ப்பதில்லை. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற இன்னொரு அரசு அமைப்பும் 2022-இல் அதைக் கைவிட்டது. அதே 2022-இல் மாசசூசெட்ஸில் உள்ள எம்ஐடி தனக்கு அது மீண்டும் வேண்டும் என்று அறிவித்தது. வெளிமாநிலத்துக்கோ தனியார் கல்லூரிக்கோ போக எண்ணமிருந்தால் எழுத வேண்டி வரலாம். இங்கேயே படிப்பதென்றால் அந்த நேரத்தில் பிள்ளை நீச்சல் பழகலாம்.

தேர்வுக்குப் பதிலாகக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் கேட்பது என்ன என்றால், நீ யார் என்று எழுது என்கிறார்கள். எட்டுக் கேள்விகளில் நான்குக்குப் பதில், ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள். அக்டோபர், நவம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு கேள்வி உன் தலைமைப் பண்பைப் பற்றி, இன்னொன்று நீ எதிர்கொண்ட பெரிய சவாலைப் பற்றி. தன்னைப் பற்றிப் பேசுவது கர்வம் என்று வளர்த்த பிள்ளைகள் இந்த இடத்தில் திகைத்து நிற்கிறார்கள். ஒரு பெண், தினமும் பள்ளி முடிந்து வந்து தம்பியைப் பார்த்துக்கொண்டு, சமைத்து, பாட்டிக்கு மருந்து கொடுக்கிறாள். "நான் எந்தச் சங்கத்திலும் இல்லை ஆன்ட்டி, எழுத ஒன்றும் இல்லை" என்றாள். விண்ணப்பத்தில் வீட்டுப் பொறுப்புகளையும் குறிப்பிடலாம் என்று சொன்னபோது அவள் அம்மா நம்பவே இல்லை. "வீட்டு வேலையை எல்லாமா எழுதுவார்கள்?" என்று இரண்டு முறை கேட்டார்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இந்த மாநிலவாசிகளுக்கே கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் அது இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். வெளிமாநிலத்தாருக்கு இன்னும் 30,000 டாலருக்கு மேல் கூடுதல். குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மத்திய அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. எங்களைப் போல் வேலை விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு அது இல்லை. அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. 21 வயதானால் பெற்றோரின் விசாவில் பிள்ளை இருக்க முடியாது. கிரீன் கார்டு வரிசையோ நமக்கு மிக நீளம். ஆகவே எங்கள் கட்டத் தாளில் பாடங்களுக்குக் கீழே பிறந்த தேதியையும் எழுதிக்கொள்கிறோம். பெரியவளின் தாளிலும் எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மனமில்லை.

ஒன்று மட்டும் உங்களுக்குப் பிடிக்கும். ஊருக்கு ஊர் சமுதாயக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. பாடத்தின் அளவை அலகு என்று கணக்கிடுவார்கள்; மாநிலவாசிகளுக்கு ஓர் அலகுக்கு 46 டாலர்தான் கட்டணம். இரண்டு ஆண்டு அங்கே படித்து, குறித்த பாடங்களில் குறித்த மதிப்பெண் வாங்கினால், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் மூன்றாம் ஆண்டில் இடம் தருவதாக உறுதி கொடுக்கின்றன. டேவிஸும் அதில் ஒன்று. கடைசியில் கையில் வரும் பட்டம் ஒன்றேதான். ஆனால் நம்மவர்கள் அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள், ஊரில் என்ன சொல்வது என்று. ஊரில் யார் கேட்கப் போகிறார்கள்? நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அரசுக் கல்லூரியில் படித்துத்தானே நீங்கள் அத்தனை பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

இனி உங்கள் பேத்தியின் கணக்கு. ஒன்பதாம் வகுப்பில் வடிவியல், உயிரியல், ஆங்கிலம், ஓவியம் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு வேதியியலும் இரண்டாம் இயற்கணிதமும் எழுதியிருக்கிறாள். மொழிப் பாடத்தில்தான் ஸ்பானிஷா தமிழா என்று வீட்டில் வாக்குவாதம். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படிப்பதைச் சில பள்ளி மாவட்டங்கள் மொழிப் பாடமாக ஏற்கின்றன. எங்கள் மாவட்டத்தில் என்ன நடைமுறை என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி காட்டினால் பள்ளிப் பட்டத்தில் மாநிலமே இருமொழி முத்திரை பதித்துத் தருகிறது. அமெரிக்காவிலேயே முதலில் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது கலிஃபோர்னியாதான். தமிழில் அந்த முத்திரை வாங்க வேண்டும் என்று அவளே சொல்கிறாள். பேசுகிறாள், படிக்கிறாள்; எழுதும்போது றகரமும் ரகரமும் சண்டை போடுகின்றன.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். எங்களுக்கு வெள்ளிக்கிழமை இரவு ஏழரை என்றால் உங்களுக்குச் சனிக்கிழமை காலை ஒன்பது. அந்த நேரத்தில் அரை மணி அவளுக்கு எழுத்துப் பயிற்சி கொடுக்க முடியுமா? நான் சொல்லிக் கொடுத்தால் பத்தாவது நிமிடத்தில் சண்டை வருகிறது. மார்ச்சில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அதன் பிறகு உங்களுக்கு எட்டு மணி. காலைச் சிற்றுண்டி நேரத்தோடு மோதுமா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்