ராகு காலத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழை எங்கள் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக வாங்குகிறோம். காலையில் பேப்பர் வந்ததும் நான் முதலில் தேடுவது நாள்காட்டிக் கட்டத்தைத்தான். தேதி, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். சூரியன் இன்று எத்தனை மணிக்கு உதிக்கிறது, எத்தனை மணிக்கு மறைகிறது, நிலா எப்போது எழும்புகிறது, இந்த மூன்று மட்டும் இருக்காது. ஒரே ஒரு வரிதான் ஆகும், அதைத் தினமும் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துப் படியுங்கள்.

ராகு காலத்தில் இருந்தே தொடங்குகிறேன். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஏழரை எங்கிருந்து வந்தது? சூரியன் உதித்ததில் இருந்து மறைவது வரைக்கும் உள்ள பகலை எட்டுப் பங்காகப் பிரிக்கிறார்கள், திங்கட்கிழமைக்கு அதில் இரண்டாவது பங்கு. 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறைந்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம், எனவே 7.30. ஆனால் சூரியன் தினமும் 6 மணிக்கா வருகிறது? எங்கள் நாகப்பட்டினத்தில் மே மாதக் கடைசியில் 5.45-ஐ ஒட்டி உதிக்கும், ஜனவரி கடைசியில் 6.35 ஆகிவிடும். அந்த ஜனவரித் திங்கட்கிழமையில் கணக்குப்படி ராகு காலம் தொடங்குவதே 8 மணி வாக்கில்தான். ராகு காலம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் பார்க்கிறோம். வானத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு அது, இப்போது வானம் போய்விட்டது, கட்டம் மட்டும் நம் கையில் இருக்கிறது, அதுதான் என் ஆதங்கம். பஞ்சாங்கத்தில் ஒரு நாள் பிறப்பதே சூரிய உதயத்தில்தான். அங்கிருந்து 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். உதயம் எப்போது என்று தெரியாமல் மற்றதையெல்லாம் பார்ப்பது, பிள்ளை பிறந்த நேரம் தெரியாமல் ஜாதகம் எழுதுகிற மாதிரி இருக்கிறது எனக்கு.

சரி, இந்த அக்கறை எனக்கு எப்படி வந்தது என்றால், என் அம்மாவால் வந்தது. அம்மாவுக்குக் கடைசி ஆறு வருஷம் கண் தெரியாது. கண்ணில் நீர் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, நாங்கள் கண்டுபிடிக்கும்போது காலம் கடந்துவிட்டது. அந்த ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட அம்மா என்னிடம் மணி என்ன என்று கேட்டதில்லை. நான்தான் கூடத்தில் ஒரு கடிகாரம், அடுப்படியில் ஒரு கடிகாரம், கையில் செல்போன் என்று வைத்துக்கொண்டு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

விடிவதற்கு முன்னால் முதலில் சத்தம் கொடுப்பது கரிச்சான் குருவி. நல்ல இருட்டாக இருக்கும்போதே கம்பியில் உட்கார்ந்து கூப்பிட ஆரம்பித்துவிடும். "கரிச்சான் கத்திடுச்சு, எந்திரி" என்பார் அம்மா. போய்க் கடிகாரம் பார்த்தால் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கும். அப்புறம் காக்கை, அதற்கும் அப்புறம் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தில் இருந்து மைனாக்கள் மொத்தமாகக் கிளம்பும். இந்த வரிசை மாறி நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் விடியற்காலையில் அம்மா கொல்லைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பூ விழுற சத்தம் கேக்குது" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது, வயசாகிவிட்டதால் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து நானே கொல்லைப்படியில் போய் உட்கார்ந்து கேட்டேன். பவழமல்லி ராத்திரியில் பூத்து விடியும்போது தானாக உதிரும், அதற்குக் கீழே ஒரு பழைய தகரம் கிடந்தது, அதன் மேல் ஒவ்வொரு பூவாக விழுகிற சத்தம், எண்ணிவிடலாம் போல அவ்வளவு மெதுவாக. ஐம்பது வயது வரைக்கும் அந்த மரத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறேன், ஒருநாள்கூட அதைக் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோடைக்காலத்தில் அம்மாவின் கடிகாரம் காற்றுதான். காலையில் மேற்கே இருந்து வருகிற மேல்காற்று அனலாக அடிக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, தரை மேல் இருக்கும் காற்று இலேசாகி மேலே போக, அந்த இடத்துக்குக் கடலில் இருந்து குளிர்ந்த காற்று வரும். ராத்திரியில் இது அப்படியே திரும்பிவிடும், கடலைவிடத் தரை சீக்கிரம் ஆறிவிடுவதால் காற்று கரையில் இருந்து கடலுக்குப் போகும். பாய்மரம் கட்டிப்போன காலத்தில் நம் மீனவர்கள் விடியும் முன் கரைக்காற்றில் போய் மத்தியானக் கடல்காற்றில் திரும்பியது இந்தக் கணக்கில்தான். அக்னி நட்சத்திர நாட்களில் மேல்காற்று பலமாக இருந்தால் கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும், அன்றைக்கு ஊரே வெந்துவிடும். அம்மா திண்ணையில் முகத்தைக் கிழக்கே வைத்துக்கொண்டு, "இன்னும் காத்து திரும்பலை" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு நிமிஷத்தில் அது திரும்பும், வேப்பிலை சத்தமே மாறிவிடும், அம்மா கையைக் கூப்புவார். எதுவும் வேண்டிக்கொண்ட மாதிரி தெரியாது. உதடு அசையாது.

சாயங்காலம் ஆனால் சுவர் ஓரத்து அந்திமந்தாரையைத் தடவிப் பார்ப்பார். சுருட்டி வைத்த மாதிரி இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, விரிந்திருந்தால் விளக்கு ஏற்றச் சொல்வார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தூங்கக் கூடாது, வாசல் பெருக்கக் கூடாது, கடன் கொடுக்கக் கூடாது, தலை வாரக் கூடாது என்று நம் வீடுகளில் எத்தனை கூடாதுகள்! சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் வெறும் கெடுபிடியாகத் தெரிந்தது. இப்போது யோசித்துப் பார்த்தால், எல்லா வேலையையும் நிறுத்த வைத்து, பொழுது மாறுகிற அந்தக் கொஞ்ச நேரத்தை மனுஷர் பார்க்கட்டும் என்று யாரோ ஏற்பாடு செய்து வைத்த மாதிரி இருக்கிறது. கடைசி இரண்டு வருஷம் நானும் அம்மா பக்கத்தில் அந்த நேரத்தில் சும்மா உட்கார ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் கோயிலுக்குப் போயிருக்கிறேன், விரதம் இருந்திருக்கிறேன். அந்த அரை மணி நேரத்தில் கிடைத்த நிம்மதி வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சிவன் கோயிலில் பூஜைகளுக்கு என்ன பெயர்? உஷக்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தஜாமம். எல்லாம் பொழுதின் பெயர்கள், ஒன்றிலும் சாமி பெயர் இல்லை. எங்களுக்கு வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி. பக்கத்து வீட்டு லாத்தாவிடம் ஒருநாள் கேட்டேன், தொழுகை நேரம் எப்படித் தெரியும் என்று. கிழக்கு வெளுத்தால் சுபுஹு, சூரியன் உச்சி சாய்ந்தால் லுஹர், நிழல் நீண்டால் அஸர், சூரியன் மறைந்தால் மஃரிப், மேற்கே இருக்கிற வெளிச்சமும் போய்விட்டால் இஷா என்று விரல் விட்டுச் சொன்னார். பள்ளிவாசல் பலகையில் அந்த நேரம் சில நாளைக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், காரணம் சூரியன் மாறுகிறது. அவர்களுக்கு நாள் தொடங்குவது அஸ்தமனத்தில். கத்தோலிக்கர்களின் மூவேளை செபம் காலை, உச்சி, மாலை. மூன்று வழிபாடும் ஒரே சூரியனைப் பார்த்து நேரம் குறித்திருக்கின்றன. வாராவாரம் உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் தூரத்து ஊர்க் கோயில்களைப் பற்றி நிறைய வருகிறது, நானும் விரும்பிப் படிக்கிறேன், ஆனால் வாசலைத் திறந்தால் இருக்கிற இதைப் பற்றி எழுதி நான் பார்த்ததில்லை.

இயற்கையைக் கும்பிடு என்று நான் லேசாகச் சொல்லிவிட முடியாது, நாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு அப்படிப் பேச முடியாது. 2004 டிசம்பர் 26, மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. காலையில் வழக்கம்போலத்தான் விடிந்தது. அன்றைக்கு வந்த சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். எங்கள் வீடு கடலுக்குத் தள்ளி இருந்ததால் தப்பித்தோம், அக்கரைப்பேட்டையில் இருந்த என் சித்தி மகளும் அவள் குழந்தையும் தப்பவில்லை. மறுநாள் காலையில் அதே கடலுக்கு மேலே அதே சூரியன் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்ததைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. அன்றைக்குச் சாயங்காலம், வீடு முழுக்க அழுதுகொண்டிருந்த சொந்தக்காரர்களுக்கு நடுவில், அம்மா எழுந்து போய்த் திரியைப் போட்டு விளக்கை ஏற்றினார். எனக்குத் தாங்கவில்லை. "யாருக்காகம்மா ஏத்துற?" என்று கத்திவிட்டேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நேரமாயிடுச்சு" என்றார்.

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் பிறகு கேட்கவில்லை. கடல் பக்கமே போகாமல் இரண்டு வருஷம் இருந்தேன். அந்த ஒரு வார்த்தையை எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். கடல் செய்ததை அம்மா மன்னித்ததாகவோ மறந்ததாகவோ எனக்குத் தோன்றவில்லை, அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்தவரே அவர்தான். மனசு விழுந்து கிடக்கும்போது அது எழுந்திருக்கும் வரைக்கும் பொழுது காத்திருக்காது, பொழுதோடு கையாவது எழுந்து விளக்கேற்றட்டும் என்று அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது போல. இதற்குப் பக்தி என்றுதான் எனக்குப் பெயர் சொல்லத் தெரிகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இப்போது எங்கள் தெருவில் ராத்திரி முழுக்கக் கண் கூசுகிற வெள்ளை விளக்கு. பாதுகாப்புக்கு வேண்டும்தான், மறுக்கவில்லை, ஆனால் அதை மேலே பார்த்து எரியவிடாமல் தரையைப் பார்த்து மூடி போட்டு வைக்கலாம் அல்லவா? அந்திக்கும் ராத்திரிக்கும் வித்தியாசமே தெரியவில்லை, கரிச்சான்கூட இப்போதெல்லாம் நடு ராத்திரியிலேயே கத்துகிறது. எங்கள் கரையில் ஜனவரியில் இருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் வந்து முட்டையிடும். குஞ்சுகள் பெரும்பாலும் இருட்டில்தான் மணலை விட்டு வெளியே வரும், வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பி நடக்கும். கரையில் விளக்கு எரிந்தால் ஊர்ப் பக்கம் திரும்பி வந்துவிடும். நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அந்தக் குஞ்சுகளை நினைத்தால் வயிறு கலங்குகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் காலையில் எழுந்ததும் வெளிச்சமான பக்கமாகத்தான் திரும்புகிறார்கள், அது கையில் இருக்கிற செல்போனாக இருக்கிறது.

அதனால்தான் அந்த ஒரு வரி. செல்போனில் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், ஆனால் தேடினால்தான் தெரியும். பேப்பரில் இருந்தால் தேடாதவர் கண்ணிலும் படும். "இன்று உதயம் 6.21, அஸ்தமனம் 5.52" என்று படிக்கிற ஒருவர், நேற்றைக்கு 6.20 என்று இருந்ததே என்று யோசித்தால்கூட எனக்குப் போதும். மார்கழியில் பகல் குட்டையாகி, தை பிறந்த பிறகும் உதயம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, ஜனவரி கடைசியில் நின்று, அப்புறம் மெல்லத் திரும்பி வருவதை அவர் தானே கண்டுபிடிப்பார். நிலா முந்தின நாளைவிட ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளித் தள்ளி எழும்புவதும், பௌர்ணமி அன்று சூரியன் மறைகிற நேரத்திலேயே அது எதிர்ப்பக்கம் எழும்புவதும் தெரிந்தால் ஒருநாளாவது மொட்டைமாடிக்கு ஏறிப் பார்க்கத் தோன்றாதா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வரியை ஒரு நோட்டில் வருஷம் முழுக்க எழுதி வைக்கலாம்.

ஊருக்கு ஊர் நேரம் மாறும், எல்லா ஊருக்கும் போட இடம் இருக்காது என்பது எனக்குப் புரிகிறது. கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் ஒரே நேரம் போட முடியாது. ஒவ்வொரு பதிப்புக்கும் அந்த வட்டாரத்தில் ஏதாவது ஒரு ஊரின் நேரத்தைப் போட்டு, எந்த ஊர் என்று எழுதிவிட்டால் போதும், மிச்சத்தை நாங்கள் வாசலில் நின்று சரிபார்த்துக்கொள்கிறோம். வருகிற தை ஒன்றாம் தேதியில் இருந்து தொடங்கினால் நன்றாக இருக்கும். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் சூரியனைப் பார்த்துத்தான் பொங்கல் வைப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகப்பட்டினம்.