வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த வருடம் முழுக்க நூல் தலைப்பையோ பொருளையோ வைத்துத் தேடாமல் எழுதியவர் பெயரை மட்டும் வைத்து நூலகப் பட்டியல்களிலும் ஆவணக் காப்பகப் பட்டியல்களிலும் தேடிப் பார்த்தோம். கூட்டங்கள் தவறாமல் நடந்தன. நிர்வாகக் குழுவில் மாற்றம் இல்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த மூன்றையும் இத்தோடு விட்டுவிட்டு நேரே தேடல் வேலைக்கு வருகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் எடுத்துக்கொண்ட பெயர் ஆனந்த குமாரசுவாமி. நம்மில் பலருக்கு அவர் சிவ நடனத்தைப் பற்றி எழுதிய கலை அறிஞர், அவ்வளவுதான். 'இந்தியக் கலை' என்று பொருள் போட்டுத் தேடியிருந்தால் அந்த ஒரு முகத்தோடு நின்றிருப்போம். பெயரை மட்டும் போட்டபோது இலங்கையின் பாறைகளைப் பற்றிய கட்டுரைகள் வந்தன. அதே பெயரில் வேறு யாரோ என்று ஒதுக்கப் பார்த்தோம், ஆனால் அவரேதான். லண்டனில் நிலவியல் படித்தவர், இலங்கையில் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்தவர், தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டெடுத்தவர். அப்புறம் 1908இல் இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெரிய நூல், அதை ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியில் தன் மேற்பார்வையிலேயே அச்சிட்டிருக்கிறார். 1916இல் ராஜபுத்திர ஓவியம் பற்றி இரண்டு தொகுதிகள். 1917இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனபின் அந்த அருங்காட்சியகத்தின் செய்தி மலரில் எழுதிய சின்னச் சின்னக் கட்டுரைகள். அவருடைய கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. கல்லில் தொடங்கிக் கலைக்கு வந்து மெய்யியலில் முடிந்த ஒரு வாழ்க்கை, பெயர் என்ற ஒரே ஒரு கதவு வழியாகத்தான் முழுசாகத் தெரிந்தது.

ஒரு பிழையையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அரிச்சந்திரன் நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை நம் பட்டியலில் ஆனந்த குமாரசுவாமியின் பெயரில் சேர்த்துவிட்டோம். பட்டியலைச் சரிபார்த்த உறுப்பினர் ஆண்டைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார்: "இது வெளிவந்தது 1863, அவர் பிறந்ததே 1877!" மொழிபெயர்த்தவர் அவருடைய தந்தை முத்து குமாரசுவாமி. அவர் 1879இல் இறந்தபோது மகனுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. குடும்பப் பெயரை மட்டும் பார்த்து இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டோம். அன்றிலிருந்து, பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் பக்கத்தில் எழுதாத எந்தப் பெயரையும் நம் பட்டியலில் ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். உலக நூலகங்கள் பெயரோடு ஆண்டையும் சேர்த்து எழுதுவதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதே பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில் இன்னும் இரண்டு பேர் கிடைத்தார்கள். சிங்களக் கலை நூலுக்கான படங்களை எடுத்தவர் ஆனந்த குமாரசுவாமியின் முதல் மனைவி எத்தெல் குமாரசுவாமி. அந்தப் பெயரில் மட்டும் தேடினால் அவர் அங்கேயே நின்றுபோகிறார். மறுமணத்துக்குப் பின் எத்தெல் மெய்ரே என்ற பெயரில் தேடினால்தான், 1916இல் தாவரச் சாயங்களைப் பற்றி நூல் எழுதியவரும் கைத்தறி நெசவில் பெரிய பெயர் எடுத்தவரும் அதே பெண் என்பது தெரிகிறது. இன்னொருவர் ரத்தன் தேவி. பஞ்சாப், காஷ்மீர்ப் பாடல்கள் முப்பதை இசைக் குறிப்போடு 1913இல் வெளியிட்டவர். அந்தப் பெயரைப் பார்த்தால் இந்தியப் பெண் என்றுதான் தோன்றும். அவர் ஆலிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயப் பெண், குமாரசுவாமியின் இரண்டாவது மனைவி. பெண்களின் எழுத்து பெயர் மாற்றத்தில் இப்படி இரண்டு துண்டாகிக் கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அடுத்த வருடம் இந்தப் பக்கத்தில் கூடுதலாக வேலை செய்ய வேண்டும்.

சரி, தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். நமக்கு அதிக நேரம் போனது இங்கேதான். நம் பெயர்களில் முன்னால் இருப்பது தலைப்பெழுத்து, குடும்பப் பெயர் என்று தனியாகப் பலருக்குக் கிடையாது. ஆனால் பட்டியல்கள் பெயரைத் திருப்பிப் போடும் பழக்கமுடையவை. வையாபுரிப் பிள்ளையை ஒரு பட்டியல் 'வ'வில் வைக்கும், இன்னொன்று 'பிள்ளை' என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு 'பி'யில் வைக்கும். இதற்கு மேல் ரோமன் எழுத்துச் சிக்கல். பெரிய ஆய்வு நூலகங்கள் தமிழை எழுத்துக்கு எழுத்து மாற்றும் முறையைப் பின்பற்றுவதால் ச என்பது 'c' என்ற ஆங்கில எழுத்தாகவும், பாரதியின் முதல் எழுத்து 'b' என்பதற்குப் பதில் 'p' ஆகவும் வந்துவிடும். நாம் வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதுகிறபடி சுவாமிநாத ஐயர் என்று தட்டினால் கொஞ்சம் வரும், சாமிநாதையர் என்று அந்த முறைப்படி தட்டினால் வேறு கொஞ்சம் வரும். இரண்டையும் தட்டாதவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

உ.வே.சா.வைத் தேடியதில் இன்னொன்றும் தெரிந்தது. 1887இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணிக்கு ஆசிரியர் திருத்தக்கதேவர்தானே? ஆகவே ஆசிரியர் என்ற கட்டத்தில் மட்டும் தேடும்போது உ.வே.சா.வின் வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதி விழாமலே போகக்கூடும். பதிப்பாசிரியர், உரையாசிரியர், மொழிபெயர்ப்பாளர் என்ற பங்களிப்பாளர் கட்டங்களிலும் தேட வேண்டும். தமிழைப் பொறுத்தவரை பதிப்பாசிரியரும் உரையாசிரியரும்தான் பாதி அறிவுலகம், அவர்களை விட்டுவிட்டுத் தேடுவது தேடலே இல்லை என்பது என் கருத்து.

வீரமாமுனிவருக்கும் இதே கதிதான். அந்தப் பெயரில் தேம்பாவணியும் சதுரகராதியும் கிடைக்கும். கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத் தமிழுக்கு, லத்தீனில் அவர் எழுதிய இலக்கணம் வேண்டுமென்றால் பெஸ்கி என்ற இத்தாலியப் பெயரில்தான் பெரும்பாலும் போக வேண்டும். புதுமைப்பித்தனுக்கு சொ. விருத்தாசலம், மறைமலையடிகளுக்கு வேதாசலம், கல்கிக்கு ரா. கிருஷ்ணமூர்த்தி. இவற்றை அநேகமாக எல்லோரும் அறிவோம், ஆனால் தேடும்போது மறந்துவிடுகிறோம்.

இதற்குக் கைகொடுப்பது வயாஃப் (VIAF) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இணையப் பெயர்த் தொகுப்பு. பல நாட்டு தேசிய நூலகங்கள் ஒரே மனிதருக்கு வைத்திருக்கும் வெவ்வேறு பெயர் வடிவங்களை ஒரே பதிவின் கீழ் காட்டுகிறது. முதலில் அங்கே போய் எல்லா வடிவங்களையும் குறித்துக்கொண்டு, அப்புறம் பல நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டுக்கோ, ஸ்கேன் செய்த நூல்கள் இருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்துக்கோ போனால் வேலை பாதியாகிறது. இன்றைய ஆய்வாளர்களுக்கு 2012இல் வந்த ஆர்க்கிட் (ORCID) என்ற 16 இலக்க அடையாள எண் இருக்கிறது, ஒரே பெயரில் பலர் இருந்தாலும் எண் ஒருவருக்குத்தான். பழைய ஆட்களுக்கு அந்த வசதி இல்லை. ஸ்கேன் செய்து ஏற்றிய பழைய தமிழ் நூல்களில் பலவற்றின் உள்ளே எழுத்துத் தேடலும் சரியாக வேலை செய்வதில்லை, ஏற்றியவர் பெயரை எப்படித் தட்டினாரோ அதுதான் ஒரே வழி. ஆகவே ஒரே பெயரை நான்கைந்து விதமாகத் தட்டிப் பார்க்கச் சலிப்பே கூடாது.

காப்பகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் எழுதி அனுப்பிய கடிதம் பெரும்பாலும் அவருடைய சேகரிப்பில் இருக்காது, அதைப் பெற்றவருடைய சேகரிப்பில்தான் இருக்கும். இதைப் புரிந்துகொள்ளவே நமக்கு இரண்டு கூட்டங்கள் ஆயின. இப்போது சேகரிப்பு விவரப் பட்டியலைத் திறந்தால், யாருடைய சேகரிப்பு என்று பார்த்துவிட்டு மூடாமல், உள்ளே கடிதத் தொடர்பு வரிசையில் பெயரைத் தேடுகிறோம்.

நாம் தயாரித்த பெயர்ச் சீட்டுகள் மேசைமேல் இருக்கின்றன. குமாரசுவாமி சீட்டை எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் 1877–1947 என்ற ஆண்டுகள், அதன் கீழே ஆனந்த கே., ஆனந்த கென்டிஷ், ஏ. கே. என்று ஒவ்வொரு வடிவமும் தனி வரியில், எது எந்தப் பட்டியலில் பலன் தந்தது என்ற குறிப்போடு. பின்பக்கம் சிவப்பு மையில் 'இவர் அல்ல' என்று எழுதி, தந்தையின் பெயரும் ஆண்டுகளும். எல்லாச் சீட்டிலும் இந்தச் சிவப்பு மைப் பகுதி நிரப்பப்பட வேண்டும், பல சீட்டுகளில் அது இன்னும் காலியாக இருக்கிறது.

சீட்டுப் பெட்டியை அடுத்த ஆண்டு பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவை, வாரத்தில் ஒரு மாலை ஒதுக்க முடிகிறவர் இன்றைக்கே பெயர் கொடுக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, நீங்கள் நெடுநாளாகப் படித்துவரும் ஒரு எழுத்தாளரின் பெயரை, தெரிந்த எல்லா வடிவங்களோடும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்