எங்கே எடுத்தது என்று சொல்லிவிட்டு ஏலம் விடுங்கள்

பழங்காலக் கண்ணாடிப் பொருள்களை ஏலம் விடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் அண்மையில் வெளியிட்ட பட்டியலைப் பார்த்ததிலிருந்து மனது ஆறவில்லை. 'பைசாந்தியக் குப்பி, 6ஆம் நூற்றாண்டு, பழைய தனியார் சேகரிப்பு' என்று போட்டிருக்கிறார்கள். பைசாந்தியம் என்றால் கிழக்கு ரோமப் பேரரசு. படத்தைப் பெரிதாக்கினால் கழுத்துக்குள் செம்மண் இறுகிப்போய் நிற்கிறது. உடம்பெல்லாம் மயில்கழுத்து நிறம். நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்த கண்ணாடி ஏடு ஏடாகச் சிதைந்ததால் வந்த நிறம் அது. அதை வர்ணிக்க ஒரு பத்தியே இருக்கிறது. அந்த மண் எந்த ஊர் மண், யார் தோண்டியது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. எங்கே எடுத்தது என்று சொல்லுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

இதனால் என்ன போகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சிலுவை பொறித்த அறுகோணக் குப்பிகளும் யூதர்களின் மெனோரா விளக்கு பொறித்த குப்பிகளும் எருசலேமில் ஒரே பட்டறையில் செய்தவை என்று தொல்லியல் ஆய்வாளர் டான் பராக் 1970 வாக்கில் எழுதினார். இரண்டு சமயத்தாருக்கும் ஒரே கை ஊதிக் கொடுத்ததா! எவ்வளவு அருமையான சேதி. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சந்தை வழியே வந்தவை. எந்த வீடு, எந்தக் கல்லறை என்று தெரியாததால், அடித்துச் சொல்ல வழியில்லை.

துருக்கியின் செர்ச்சே லிமானியில் மூழ்கிய கப்பலைப் பாருங்கள். கடலடித் தொல்லியலாளர் ஜார்ஜ் பாஸ் குழுவினர் 1977 முதல் 1979 வரை அதிலிருந்து எடுத்தது சுமார் 3 டன் கண்ணாடி. பெரும்பகுதி, உருக்குவதற்காக ஏற்றிய உடைசல். உங்கள் ஏலத்தில் அதை யாரும் சீந்தமாட்டார்கள். ஆனால் கூடவே கிடந்த, ஆண்டு பொறித்த கண்ணாடி எடைக்கற்களை வைத்து, கப்பல் 1025 வாக்கில் மூழ்கியது என்று சொல்ல முடிந்தது.

சிரியாவின் அபாமேயா என்ற பழங்கால நகரம் புதையல் திருடர்கள் தோண்டியதில் 2012க்குள் குழிகளாகிப் போனதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அதற்குப் பிறகும் 'பழைய சேகரிப்பு' என்ற சொல் போதும் என்கிறீர்களா? ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜர் போலிக் காகிதத்தோடு ஆஸ்திரேலியா போய் 2014இல் திரும்பியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு எரிகிறது.

சரி, கோபத்தை விட்டுவிட்டுக் கேட்கிறேன். பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக்கடத்தலைத் தடுக்க வந்த 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன்பே வெளியே வந்த பொருள் என்றால் பழைய ரசீதோ சுங்கக் காகிதமோ போட்டோவோ இருக்கும். அதைப் பட்டியலிலேயே அச்சிடுங்கள். அப்படி எதுவும் இல்லாத பொருளை ஏலத்துக்கு எடுக்காதீர்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வரலாற்று ஆர்வலர்