விலை குறைந்தால் மட்டும் போதாது: கண்ணாடித் திரை தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்ணாடியும் திரைப் பலகையும் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

2011-ல் அமெரிக்கக் கண்ணாடி நிறுவனமான கார்னிங் வெளியிட்ட காணொளி பலருக்கு இன்னும் நினைவிருக்கும். பல் தேய்க்கும்போது எதிரிலிருக்கும் கண்ணாடியில் செய்திகள் வரும். சமையலறை மேடையே தொடுதிரையாக மாறும். பத்து வருஷத்தில் இதெல்லாம் சாதாரண வீடுகளுக்கும் வந்துவிடும் என்று நம்பினோம். அந்தப் பத்து வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது.

அப்படிப்பட்ட திரை கடைக்கு வந்தது உண்மைதான். ஆனால் 2024 இறுதியில் எல்ஜி அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த 77 அங்குல ஒளிபுகும் தொலைக்காட்சியின் விலை ஏறக்குறைய 60,000 டாலர். அதை வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர்?

விலைக்குக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒளிபுகும் திரையில் வெளிச்சம் ஊடுருவ ஒவ்வொரு புள்ளியிலும் இடம் விட வேண்டும். அதன் வழியே கறுப்பு நிறத்தைக் காட்ட முடியாது, கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பின்னாலிருக்கும் சுவர்தான் தெரியும். அதனால் பின்புறம் ஒரு கறுப்புத் திரைச்சீலையும் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. தொடுதலை உணரும் மெல்லிய பூச்சுக்கு இண்டியம் என்ற உலோகம் தேவை. அது துத்தநாகம் பிரித்தெடுக்கும்போது கிடைக்கும் உபபொருள் என்பதால், தேவை கூடியதும் உற்பத்தியைக் கூட்டிவிட முடியாது. பலகை பெரிதாகப் பெரிதாக அந்தப் பூச்சின் மின்தடையும் கூடி, தொடுதல் தாமதமாகிறது.

ஆனாலும் 1990-களின் இறுதியில் 42 அங்குல பிளாஸ்மா தொலைக்காட்சி பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றது. இன்று அந்த அளவுத் திரை சில நூறு டாலர்தான். 2940 × 3370 மில்லிமீட்டர் தாய்க் கண்ணாடி ஒன்றிலிருந்து எட்டு 65 அங்குலத் திரைகளை வெட்டி எடுக்கும் ஆலைகளைக் கட்டியவர்கள் நீங்கள்தானே. எனவே விலை இறங்கும். என் கணிப்பில் முதலில் குளியலறைக் கண்ணாடிகள் பரவும். பாதி பிரதிபலிக்கும் கண்ணாடிக்குப் பின்னால் சாதாரணத் திரையை வைத்தாலே அவற்றைச் செய்துவிடலாம். தொடுதிரைச் சன்னல் சாதாரண வீட்டுக்கு வர 2040 வரையாவது ஆகும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. சன்னல் கண்ணாடி முப்பது வருஷம் உழைக்கும். அதில் ஒட்டிய மின்னணுச் சில்லும் மென்பொருளும் எத்தனை வருஷம் தாங்கும்? ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை 2016-ல் அதன் உரிமையாளரான நெஸ்ட் நிறுவனம் முடக்கியபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வேலை செய்யாத பெட்டிதான் மிஞ்சியது. பெட்டியைத் தூக்கி ஓரமாக வைக்கலாம். சுவரில் பதித்த கண்ணாடியை என்ன செய்வது?

ஆகவே மின்சுற்றைக் கண்ணாடியோடு ஒட்டாதீர்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் வைத்து, தனியே கழற்றி மாற்றும்படி செய்யுங்கள். அதன் இணைப்பு முறை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக இருக்கட்டும். இணையம் போனாலும் விளக்கும் கதவும் இயங்க வேண்டும், மின்சாரம் போனால் கண்ணாடி கண்ணாடியாகவே இருக்க வேண்டும்.

வயதானவர்களையும் மறந்துவிடாதீர்கள். என் அம்மாவின் விரல் நுனி வறண்டு போனதால் திரை அவர் தொடுவதை உணர்வதில்லை. பட்டனை அழுத்திப் பார்ப்பார், பிறகு விரலை ஈரப்படுத்திக்கொண்டு அழுத்துவார், அப்போது பக்கத்திலிருக்கும் வேறு ஏதோ திறந்துகொள்ளும். சமையலறையில் ஈரக்கையோடு நிற்கும் எவருக்கும் இதே பாடுதான். விளக்கு போடுவதற்காவது ஒரு நிஜப் பொத்தான் வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் கைப்பேசிகளுக்கு, விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் உதிரி பாகம் கிடைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. சட்டைப் பையில் போடும் பொருளுக்கே ஏழு வருஷம் என்றால், வீட்டில் பதிக்கும் பொருளுக்கு இருபது வருஷமாவது வேண்டாமா? அடுத்த கண்காட்சியில் மாதிரியைக் காட்டும்போது, விலைக்குப் பக்கத்திலேயே உதிரி பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும், மின்சுற்றை மாற்ற எவ்வளவு செலவாகும் என்பதையும் எழுதி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் திரையை வாங்க விரும்பும் ஒருவர்