புலப்படத்தில் உன் அம்மா இல்லை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மகன் பள்ளிக்கு வம்சாவளி எழுத வேண்டும், பழைய பெயர்கள் தெரியுமா என்று கேட்டிருந்தாய். நம் வீட்டில் அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. பாட்டியின் தகரப் பெட்டியில் பசலி 1331 என்று, நிலவரிக் கணக்கு ஆண்டு போட்ட பட்டா ஒன்று இருந்தது. பசலியோடு 590 கூட்டினால் 1921. அதில் என் கொள்ளுத்தாத்தா பெயரும் புல எண் 114/2 என்பதும் தெளிவாக இருந்தன. அதை வைத்துக்கொண்டு பழைய புலப்படத்தின், அதாவது வயலை அளந்து வரைந்த சர்க்கார் படத்தின், நகலுக்கு மனுப் போட்டேன். மூன்று முறை அலைந்தபின் கிடைத்தது.

கிழக்கு வரப்பின் மேல் 250 என்று எழுதியிருக்கிறது. அடி என்று நினைத்துவிடாதே, லிங்க். வெள்ளைக்காரன் அளந்த சங்கிலிக்கு நீளம் 66 அடி, அதில் 100 லிங்க். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். இன்று மனை விற்பவர் வாயில் புழங்கும் சென்ட் அந்தச் சங்கிலி போட்ட குட்டிதான். 250 லிங்க் என்றால் 165 அடி. டேப் பிடித்துப் பார்த்தேன், 161 தான் வந்தது. மிச்சம் நான்கடியைப் பக்கத்து வயல்காரரின் மண்வெட்டியைத்தான் கேட்க வேண்டும்.

‘ஓடை வரைக்கும் நம்முடையது’ என்று அப்பா சொல்வாரே, அது கதை. மொத்தமே 1 ஏக்கர் 76 சென்ட்.

ஆனால் அந்த எண்களைக் கீழே படித்துக்கொண்டே வந்தால் வம்சம் தெரிகிறது. கொள்ளுத்தாத்தாவின் இரண்டு மகன்களுக்கு 2ஏ, 2பி. 2ஏ தாத்தாவுடையது, அவருக்குப்பின் அப்பாவுடையது. 1992இல் அது 2ஏ1, 2ஏ2 ஆனது: நான், தம்பி. தாத்தாவுக்கு ஒரு தங்கை இருந்தார். அப்பாவுக்கு மூன்று சகோதரிகள். யாருக்கும் எண் இல்லை. விவசாயியிடமே நேராக வரி வாங்கிய வெள்ளைக்காரனின் ரயத்துவாரிக் கணக்குக்கு வேண்டியிருந்தது தீர்வை (நிலவரி) கட்டுபவன் பெயர் மட்டும்.

ஆனால் 1992இல் வெள்ளைக்காரன் இல்லை, நாங்கள்தான் இருந்தோம். 1989இல் தமிழ்நாட்டில் வந்த சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு கொடுத்தது, ஏற்கெனவே மணமானவர்களைத் தவிர்த்து. எங்கள் கூடப்பிறந்த உன் அம்மாவுக்கு 1986இலேயே கல்யாணம் ஆகிவிட்டது. அப்பா இறந்தபின் அவர் பங்கில் மட்டும் 1956 சட்டப்படி அவளுக்கு உரிமை இருந்தது. அதையும் விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டோம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, பத்திர ஆபீஸ் வாசலில் எங்கள் இருவருக்கும் அவள்தான் காபி வாங்கிக் கொடுத்தாள்.

மொத்தத்தில் பாதியான 2ஏயின் 88 சென்ட்டை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 29 சென்ட் சொச்சம். என்னிடம் 44 இருக்கிறது. 15 சென்ட்டைத் தான செட்டில்மென்ட்டாக எழுதலாம் என்றிருக்கிறேன். உன் அம்மாவிடம் சொன்னால் வேண்டாம் என்பாள், அதனால் உன் பெயருக்கு. தம்பியிடம் இன்னும் பேசவில்லை.

ஆதார் நகலும் இரண்டு புகைப்படமும் அனுப்பு. கிழக்கு வரப்பை ஒட்டியே அளந்து தரச் சொல்கிறேன், அந்த நான்கடியையும் சேர்த்து.

அன்புடன்,
மாமா