வாசகர் வட்டத்துப் பெரியவர்களுக்கு: ஆச்சி பேசியதும் அச்சில் வரட்டும்

நம் வட்டத்தின் தேர்வுக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

ஆண்டு மலருக்கான குறிப்பைப் பார்த்தேன். இலக்கிய உரைகள் முழுதாக வருகின்றன, சந்தோஷம். நாம் பேசிய காதல் மர்ம நாவலுக்கு மட்டும் 'வாசகியர் சிலர் கருத்துத் தெரிவித்தனர்' என்று ஒரே வரி. கூடவே, இனி இந்த வகை நாவல்களை எடுப்பதில்லை என்ற முடிவு வேறு. இரண்டையும் நீங்கள் மாற்ற வேண்டும்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்கி விற்பவன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பெரிய வீட்டுக்குள் வருகிறான். பேரும் பொய், ஊரும் பொய். அந்த வீட்டில் பங்கு இழந்த குடும்பத்தின் பேரன் அவன். ஒரு பத்திரத்தைத் தேடி வந்திருக்கிறான். வீட்டுப் பெண்ணுக்கு அவன்மேல் மனம் போகிறது. அவன் யார் என்பது கடைசியில்தான் உடைகிறது.

இதைப் பற்றி அன்று ஓர் ஆச்சி பேசியதைக் கேட்டீர்களா, அல்லது தேநீருக்கு எழுந்துவிட்டீர்களா? "பேரை மறைச்சா மன்னிச்சிரலாம், கோவிலை மறைச்சா எப்படி?" என்றார்கள். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் இளையாத்தங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை ஒன்பது குலக் கோவில்களில் நீங்கள் எது என்று கேட்ட பிறகுதான் சம்பந்தப் பேச்சே நகரும். ஒரே கோவில், ஒரே பிரிவு என்றால் பங்காளி. அந்த வீட்டுப் பெண் தங்கை முறை, கட்ட முடியாது. அப்படியிருக்க, வீட்டில் பங்கு கேட்டு வருகிறவன் யாராக இருப்பான்? பெரும்பாலும் பங்காளியாகத்தானே! நாவலின் மிகப் பெரிய ஆபத்து அங்கே இருக்கிறது. எழுதியவர் அதைக் கவனிக்காமல் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து பயமுறுத்தப் பார்க்கிறார். இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் துப்புகளைப் பிடித்துக்கொண்டார். அந்நியன் முகப்பிலிருந்து வளவை, அதாவது நடு முற்றப் பகுதியைத் தாண்டி உள்ளே இரண்டாங்கட்டுக்கு வழி கேட்காமல் போகிறான், அதனால் நாயகிக்குச் சந்தேகம் வருகிறது என்பது கதை. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் ஏறக்குறைய ஒரே அமைப்புதானே, ஒரு வீட்டில் புழங்கியவன் எந்த வீட்டிலும் புழங்குவான், இது எப்படித் துப்பாகும் என்று கேட்டார். சரியான கேள்வி.

கல்லூரிப் பெண் ஒருத்தி சொன்னதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவனுக்கு அவளைப் பற்றி எல்லாம் தெரியும், அவளுக்கு அவனைப் பற்றி எதுவும் தெரியாது. இந்த நிலையில் அவள் சொல்லும் சம்மதம் யாருக்குச் சொன்ன சம்மதம் என்றாள். இல்லாத ஒருவனுக்குத்தானே? இன்ஸ்டாகிராமில் பொய்ப் படத்தோடு பேச வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. நாயகன் நல்லவன் என்று கடைசி அத்தியாயத்தில் தெரிந்தால் போதும் என்று அவர்களால் விட முடியவில்லை. விடவும் வேண்டாம்.

இந்த வகைக் கதை இலக்கியம் ஆகாது என்று குழுவில் பேசப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். மணிமேகலையை எடுத்துப் பாருங்கள். தன்னை விரும்பித் துரத்தும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். பன்னிரண்டு ஆண்டு கழித்து மனைவி காயசண்டிகையைத் தேடி வந்த காஞ்சனன், அவளைத் தன் மனைவி என்றே நம்பி, அவளை நாடி நள்ளிரவில் வந்த உதயகுமரனை வெட்டிவிடுகிறான். அவள் யார் என்று நமக்குத் தெரியும், உதயகுமரனுக்குச் சந்தேகம், காஞ்சனனுக்குத் தெரியாது. இதைவிடவா ஒரு மர்மக் கதைக்கு முடிச்சு வேண்டும்? இதை எழுதிய சாத்தனார் கூலவாணிகர், அதாவது தானிய வியாபாரி. கதை நடந்த காவிரிப்பூம்பட்டினம்தான் நம் முன்னோர் ஊர் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். மணிமேகலை தன்னைக் காத்துக்கொள்ள உருவம் மாறினாள், இந்த நாயகன் பத்திரத்துக்காகப் பேர் மாறினான். இந்த வித்தியாசத்தை வைத்தே ஒரு மாலை முழுக்கப் பேசலாம். அந்த வாய்ப்பைத்தான் நீங்கள் மூடுகிறீர்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா இதெல்லாம் குப்பை என்று ஒதுக்கவில்லை. பழைய நாவல், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பேரிலேயே ஆய்வு நூலகம் வந்தது. இன்று ஆய்வாளர்கள் அங்கே போய்த் தேடுகிறார்கள். அந்த நாவல்களை அந்தக் காலத்துப் பெண்கள் எப்படிப் படித்தார்கள், எங்கே கோபப்பட்டார்கள் என்பது பெரும்பாலும் எழுத்தில் நிற்கவில்லை. நம் பெண்கள் பேசியதாவது நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நாவல் எனக்கும் முழுதாகப் பிடிக்கவில்லை. பாதிக்கு மேல் இழுக்கிறது, வில்லன் வெறும் அட்டை. அதையும் போடுங்கள். பாராட்டு மட்டும் வர வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை.

அன்று பேசியவர்களிடம் கேட்டுவிட்டேன். பேர் போடாமல் வெளியிடச் சம்மதம். அவரவர் பேச்சு மொழியைத் திருத்தாமல் எழுதி வைத்திருக்கிறேன். மலர் அச்சுக்குப் போகும் தேதியைச் சொன்னால் நேரில் கொண்டுவந்து தருகிறேன். அப்புறம், அடுத்த பட்டியல் போடும் கூட்டத்துக்கு எங்களில் இருவரையாவது கூப்பிடுங்கள்.

அன்புடன்,
வட்டத்து வாசகி ஒருத்தி
காரைக்குடி