முத்தையன்கட்டிலிருந்து சஸ்கற்றூன் வரை கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்தின் வலதுகரை, இடதுகரை உறவுகளுக்கும், ஒட்டுசுட்டானிலும் அறிவியல்நகரிலும் எனக்குக் கற்பித்தவர்களுக்கும், கொழும்பிலும் கனடாவிலும் என்னைத் தம் வீட்டுப் பிள்ளையாக நடத்தியவர்களுக்கும் வணக்கம்.

முதுமாணிப் படிப்புக்காகக் கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்திலுள்ள சஸ்கற்றூன் நகருக்கு வந்து, இப்போது இரண்டாவது குளிர்காலத்தைக் காண்கிறேன். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "குளிர் எப்படிப் பிள்ளை?" என்று கேட்கிறீர்கள்; "பரவாயில்லை" என்கிறேன். நன்றி சொல்லத் தொடங்கினால் "நாங்கள் என்ன பெரிசாச் செய்துபோட்டம்" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். உதவியவர்களுக்குத் தங்கள் உதவி எங்கே போய்ச் சேர்ந்தது, என்ன வேலை செய்தது என்பது தெரிவதில்லை, பெற்றவருக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கை ஒப்புவிப்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். பெயர் சொல்லிப் புகழ்வதை உங்களில் பலர் விரும்பமாட்டீர்கள் என்பதால் எவருடைய பெயரையும் எழுதவில்லை. வாசிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே விளங்கும்.

முதல் நன்றி பிரதேச செயலகத்தில் பணியாற்றிய அந்த அம்மாவுக்கு. 2009இல் எங்கள் வீட்டுக் கடதாசிகள் எல்லாம் எங்கோ ஒரு பதுங்குகுழியோடு போய்விட்டன. முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்து படித்த எங்கள் வயதுப் பிள்ளைகள் பலரிடம் பிறந்ததற்கான சான்று எதுவும் இருக்கவில்லை. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கப் போனபோது எனது பிறப்புப் பதிவிலும் பாடசாலைப் பதிவிலும் அம்மாவின் பெயர் இருவிதமாக எழுதப்பட்டிருந்தது. "நாளைக்கு வாங்கோ" என்று என்னை அனுப்பியிருக்கலாம். அந்த அம்மா தாமே எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதி, எங்கள் கிராம அலுவலரையும் கூப்பிட்டுப் பேசித் திருத்திக் கொடுத்தார். இங்கே ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தச் சான்றிதழின் பிரதியை இணைக்கும்போது அவருடைய நீல மைக் கையொப்பத்தைப் பார்க்கிறேன்.

உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாதிருந்த காலத்தில், சனிக்கிழமை தோறும் புதுக்குடியிருப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு சதமும் வாங்காமல் படிப்பித்த சேருக்கு ஒரு செய்தி. பாடசாலையில் இருந்தது திரவத்தைத் துளித்துளியாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாயான அளவி ஒன்றேயொன்று. அதன் வாயில் சிறு வெடிப்பும் இருந்தது. "துளியாக விடு, அவசரப்படாதே" என்று எங்கள் ஒவ்வொருவருடைய கையையும் பிடித்துப் பழக்கினீர்கள். இங்குள்ள ஆய்வுகூடத்தில் கணினி பூட்டிய கருவிகள் இருந்தும், சில அளவீடுகளை இன்னும் கையால்தான் செய்கிறோம். முதல் தவணையில் எனது அளவீடுகளைப் பார்த்த மேற்பார்வையாளர், எங்கே பழகியது என்று கேட்டார். ஒட்டுசுட்டானில் என்றேன். அது எங்கிருக்கிறது என்று வரைபடத்தில் தேடிப் பார்த்தார்.

அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்து ஆசிரியர்களுக்கும் ஆய்வுகூட உதவியாளர் அண்ணாவுக்கும் நான் பட்டிருக்கும் கடன் பெரியது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து, யூரியா இல்லாமல் காலபோக வயல்கள் மஞ்சளடித்து நின்றபோதுதான், காற்றிலுள்ள நைதரசனை உழுந்தின் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்கள் பயிருக்கு எப்படிக் கொடுக்கின்றன என்பதை ஆய்வுக்கு எடுத்தேன். அடுத்த ஆண்டு நாடே இருளில் மூழ்கியது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போனது. குளிர்சாதனப் பெட்டியில் நான் வளர்த்து வைத்திருந்த பற்றீரியாத் தட்டுகள் பழுதாகிவிடும் நிலை. பெற்றோலுக்கு வரிசையில் நிற்க வேண்டிய அந்த நாட்களில், அண்ணா சைக்கிளில் போய் மீன் வியாபாரியிடம் ஐஸ் கட்டி வாங்கி, றெஜிபோம் பெட்டியில் அடுக்கி, என் தட்டுகளை அதற்குள் வைத்துக் காப்பாற்றினார். பெட்டியைத் திறந்தால் சூடை மீன் மணக்கும். அந்த மணத்தோடு பெற்ற முடிவுகளைக் காட்டித்தான் இங்கே இடம் கிடைத்தது.

ஏன் இத்தனை தொலைவு, ஏன் இந்தக் குளிர் ஊர் என்று பெரியம்மா கேட்டதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் பயிர் மேம்பாட்டு நிலையம் ஒன்று 1971இல் தொடங்கப்பட்டது. நாங்கள் மைசூர்ப் பருப்பு என்று வாங்கும் பயிரை இந்தச் சமவெளிக்கு ஏற்றதாக மாற்றி, 1978இல் 'லெயர்ட்' என்ற முதல் வர்க்கத்தை வெளியிட்டவர்கள் இவர்கள்தான். அதற்கு முன்னர் இங்கே கோதுமைதான் பெரும்பயிர். இன்று உலகில் அதிகமாகப் பருப்பு ஏற்றுமதி செய்யும் நாடு கனடா, அதில் பெரும்பங்கு விளைவது இந்த மாகாணத்தில். இலங்கைக்கு வரும் பருப்பிலும் ஒரு பகுதி இங்கிருந்து வருவதுதான். முகாமில் அரிசி, மா, சீனியோடு நிவாரணமாகத் தந்த பருப்பை எந்த நாட்டுப் பருப்பு என்று அன்றைக்கு யார் கேட்டோம்? இங்கே அறுவடைக்கு முன் வயலில் இறங்கிக் காய்ந்த நெற்றொன்றை உடைத்து, உள்ளே இருந்த விதையின் தோலை உரித்துச் செம்மஞ்சள் பருப்பை முதன்முதலாகப் பார்த்தபோது அந்த நிவாரண வரிசைதான் நினைவுக்கு வந்தது.

இனிப் பணம். கனடாவுக்கு மாணவ விசா கேட்பவர் முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்கென 2024 ஜனவரி முதல் 20,635 கனேடிய டொலர் காட்ட வேண்டும் என்பது நான் விண்ணப்பித்த காலத்து விதி. எங்கள் காசில் நாற்பது இலட்சத்துக்கு மேல். பேராசிரியர் ஆய்வு உதவித்தொகை தருவதாக எழுதிய கடிதம் இல்லாதிருந்தால் என் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டும் பல இலட்சம் கேட்ட ஒரு முகவரைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை. அப்பாவை அவரிடமிருந்து திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்த முச்சக்கரவண்டி மாமாவுக்கு மட்டும் நன்றி. விமானச் சீட்டுக்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் கடன் தந்தது. பரீட்சைக் கட்டணத்துக்குக் கமக்காரர் அமைப்பு ஐயாமார் சேர்த்துத் தந்தார்கள். நெல்லை இருப்பு வைத்து விலை ஏறியபின் விற்கலாம் என்றிருந்த சித்தப்பா, எனக்காக அறுத்த ஈரத்தோடு களத்திலேயே கொடுத்துவிட்டுக் காசைக் கொண்டுவந்தார். அந்த விலை வித்தியாசம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், சித்தப்பா. நீங்கள் சொல்லாவிட்டாலும் தெரியும்.

கைரேகை பதிவுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் கொழும்புக்குப் போன போதெல்லாம் வெள்ளவத்தையில் இடம் தந்த குடும்பத்தினர் எங்களுக்கு உறவுகூட இல்லை. இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலை கதவைத் தட்டினால் தேத்தண்ணியோடுதான் திறப்பார்கள்.

ஆவணி இறுதியில் சஸ்கற்றூனில் இறங்கியபோது வெயில் அடித்தது. இதுவா குளிர் என்று நினைத்தேன். விமான நிலையத்தில் காத்திருந்த கிளிநொச்சி அக்காவும் அத்தானும் என்னைப் பார்த்த முதல் பார்வையே என் சப்பாத்தில்தான் விழுந்தது. "இதோட ஐப்பசி தாண்டேலாது" என்றார் அக்கா. அடுத்த சனிக்கிழமையே பழைய பொருள் விற்கும் கடைக்குக் கூட்டிச் சென்று, முழங்கால் வரை வரும் சப்பாத்தும், வாத்து இறகு அடைத்த நீண்ட மேலங்கியும் தெரிந்து தந்தார். புதிதாக வாங்கியிருந்தால் எனது ஒரு மாத வாடகை போயிருக்கும். அவர் கற்றுத்தந்த ஒழுங்கிலேயே இன்றும் உடுத்துகிறேன்: உடலோடு ஒட்டிய 'தேர்மல்' முதலில், அதன்மேல் கம்பளி, அதன்மேல் மேலங்கி, பருத்தி உள்ளே இருக்கக்கூடாது, ஏனெனில் வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு குளிரும், கைக்கு விரல் பிரித்த உறையைவிட நான்கு விரலும் சேர்ந்திருக்கும் உறைதான் சூடு, குளித்த தலையோடு வெளியே போனால் பின்னல் தடி மாதிரி விறைத்துவிடும்.

தைப் பனி தரையைத் துளைக்கும் என்று அப்பம்மா சொல்வா. அப்பம்மா, இங்கே தண்ணீர்க் குழாயை ஓராள் ஆழத்துக்கும் கீழே புதைக்கிறார்கள். இல்லாவிட்டால் தரையோடு சேர்ந்து அதுவும் உறைந்துவிடும். மைனஸ் 30 பாகை இங்கே அதிசயமில்லை. கார்களுக்கு இரவில் வயர் போட்டு இயந்திரத்தைச் சூடாக்கி வைக்காவிட்டால் காலையில் கிளம்பாது. காற்றும் சேர்ந்து மைனஸ் 40 போல உறைக்கும் நாட்களில் மூடாத தோல் பத்து நிமிடத்துக்குள் உறைந்துவிடலாம் என்று வானிலை நிலையம் எச்சரிக்கும். அப்படியொரு காலையில் தரிப்பிடத்துக்கு நான் ஓடிவருவதைக் கண்ணாடியில் கண்டு, புறப்பட்ட பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்த சாரதி இந்த மடலை வாசிக்கப் போவதில்லை. ஆனாலும் அவருக்குரியது இங்கே இருக்கட்டும்.

குளிரைத் துணியால் வெல்லலாம். என்னைப் படுத்தியது இருட்டு. மார்கழியில் சூரியன் காலை ஒன்பது மணிக்குப் பிறகு எழுந்து மாலை ஐந்துக்கு முன்பே போய்விடும். பல்கலைக்கழகக் கட்டடங்கள் பலவற்றைச் சுரங்கப் பாதைகளும் மூடிய நடைபாதைகளும் இணைப்பதால், கவனமில்லாதிருந்தால் முழுநாளும் வெயிலைக் காணாமலே போகலாம். முதலாவது தை மாதத்தில் சாப்பாடு செல்லவில்லை, நித்திரையும் இல்லை. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்த அதே அக்கா, என் குரலைத் தொலைபேசியில் கேட்டவுடனே வந்து என்னை மாணவர் மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிச் சென்றார். மருத்துவர் விற்றமின் டீ மாத்திரையும், மதியத்தில் அரை மணி நேர வெளி நடையும் எழுதினார். நடைக்குத் துணை வந்தவள் என் அறைத்தோழி. நேபாளத்துப் பிள்ளை, குளிர் அவளுக்குப் புதிதல்ல. உறைந்த ஆற்றங்கரையில் என்னை இழுத்துக்கொண்டு நடப்பாள். நான் கடுகும் செத்தல் மிளகாயும் தாளிக்கும்போது புகை எச்சரிக்கைக் கருவி அலறினால், ஒரு சொல் சொல்லாமல் மைனஸ் 25இல் யன்னலைத் திறந்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாப்பிட உட்காருவாள். அவளுக்குத் தமிழில் நன்றி எழுதுவதாகச் சொன்னேன். "பருப்புக் கறியைப் பற்றியும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

ரொறன்ரோவில் இருக்கும் முத்தையன்கட்டுப் பிள்ளைகளுக்கும் நன்றி. நீங்கள் அனுப்பிய பொதியில் இருந்த வறுத்த தூள், ஒடியல் மா, புழுக்கொடியல் எல்லாம் பங்குனி வரை வந்தன. தேங்காய் எண்ணெய் மட்டும் இங்கே எப்போதும் கட்டிதான். சூடாக்கியின் மேல் போத்தலை வைத்துவிட்டுத்தான் தலை வார உட்காருவேன்.

அம்மா, இந்த மாகாணத்தில் கோடைக்கென்று மணிக்கூட்டை மாற்றுவதில்லை. எனவே ஆண்டு முழுதும் உங்களுக்கும் எனக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம்தான். நீங்கள் விளக்கு வைக்கும் நேரத்தில் நான் காலைப் பஸ்ஸுக்கு உடுத்திக்கொண்டிருப்பேன். வத்தாப்பளை அம்மன் கோயில் பொங்கல் இரவில் சனத்துக்குள் நின்று தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக் காட்டிய தம்பிக்கும் அப்படியே ஒரு நன்றி. இங்கே அது காலை, நான் ஆய்வுகூட வாசலில் நின்று பார்த்தேன்.

மாதர் சங்கத்தின் கடன் அடைந்துவிட்டது. பற்றுச்சீட்டு அம்மாவிடம் இருக்கிறது. கமக்காரர் அமைப்பு ஐயாமாரும் வேறு சிலரும் காசைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டீர்கள். அந்தத் தொகையைச் சங்கத் தலைவியிடம் அனுப்பிவைக்கிறேன். இப்போதும் சனிக்கிழமைகளில் இரசாயனவியல் படிப்பிக்க வெளியிலிருந்து வருகிறவருக்குப் பெற்றோல் செலவுக்கு அதைக் கொடுங்கள். மிஞ்சினால் புதிய அளவிகள் வாங்குங்கள்.

எனது ஆய்வின் அடுத்த கட்டத்தை ஊரிலேயே செய்வதற்கு மேற்பார்வையாளர் சம்மதித்திருக்கிறார். அடுத்த ஐப்பசியில் உழுந்து விதைப்புக்கு முன் வந்துவிடுவேன். அதற்கு மேட்டுநிலத்தில் கால் ஏக்கர் அளவில் ஒரு துண்டு தேவை; கடந்த இரண்டு போகமும் யூரியா போடாத நிலமாக இருந்தால் நல்லது. தரக்கூடியவர்கள் மாசிக்கு முன் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். மண் மாதிரி எப்படி எடுப்பது என்று தம்பிக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். அவன் வந்து எடுப்பான்.

இப்படிக்கு,
உங்கள் அன்புக்குரிய மாணவி,
முத்தையன்கட்டு வலதுகரை
(தற்போது சஸ்கற்றூன், கனடா)